டிலானியின் ஒழுங்கையில் பத்தொன்பது விளக்குகள்

ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை, காலை 9.10. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் டிலானியும் நானும் வேலை செய்த கைபேசி திருத்தும் கடையில் பதினொரு கைபேசிகள் காத்திருந்தன. அவளுடைய இலக்கத்திலிருந்து அழைப்பு. எடுத்தவுடனேயே, "எங்கை நிக்கிறீர்? நேரம் தெரியுமோ?" என்று பாய்ந்தேன். பேசியது அவளுடைய அம்மா. "தம்பி, பிள்ளை எங்களை விட்டிட்டுப் போயிட்டாள்." எங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்த நான்கு நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

கடைக்கு வந்து அவளை அறிந்தவர்கள், அவள் செய்த அந்தக் குட்டி ஒழுங்கையையும் பார்த்திருப்பீர்கள். குருநகரில் தன் வீடு இருக்கும் ஒழுங்கையை, அந்த ஒடுங்கிய தெருவை அப்படியே, பிளாஸ்ரிக் விளையாட்டுக் கட்டைகளால் அரைமேசை அளவில் கட்டினாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் வேலை. செத்த கைபேசிகளிலிருந்து கடுகளவு விளக்குகளைக் கழற்றி, தலைமயிர்த் தடிப்பு வயரில் ஈயத்தால் பற்றவைத்து, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வைத்தாள். மொத்தம் பத்தொன்பது. அம்மா சமைக்கும் தங்கள் வீட்டுக் குசினிக்கு மட்டும் மஞ்சள் விளக்கு. "அம்மாதான் எல்லாருக்கும் முதல் எழும்பிறவ. தூரத்திலையே தெரிய வேணும்."

ஒருநாள் நானும் ஒரு வீடு செய்தேன். கட்டையில் துருத்தும் குமிழ்களுக்கு மேலாக வயரை விட்டு, மற்றக் கட்டையை அழுத்தினேன், வயர் அறுந்தது. குமிழ்களுக்கு இடையால் விட வேண்டுமாம். "நீர் கம்பசிலை படிச்சுப் பட்டம் எடுத்தனீர். உம்மடை விரல் இன்னும் பள்ளிக்கூடமே போகேல்லை" என்றாள்.

எனக்குக் கோபம் வேறு விடயத்தில். "எந்த வயர் எங்கை போகுதெண்டு படம் கீறி வையும். பழுதானால் என்ன செய்யிறது?"

"என்னட்டைக் கேளும், சொல்லுறன்."

"நீர் லீவெண்டால்?"

"அடுத்தநாள் வருவன்தானே!"

அவள் கீறவில்லை.

அம்மாவின் பிறந்தநாளுக்குக் கொடுக்கவென்று, அதை வீட்டுக்குக் காட்டாமல் கடையிலேயே வைத்திருந்தாள். அடக்கம் முடிந்த மறுநாள், மடியில் வைத்து ஆட்டோவில் அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கடையில் எரிந்தது, வீட்டில் எரியவில்லை. பற்றரி சரி, சுவிச் சரி. எல்லா வீடுகளுக்கும் போகும் ஒரே வயர், கட்டைகளுக்கு அடியில் எங்கோ அறுந்திருக்கிறது. கழற்றினால் அரைமணி நேர வேலை. முதல் கட்டையில் கைவைத்தேன்.

"கழட்டாதையும் தம்பி" என்றார் அம்மா. "அவள் தன்ரை கையாலை அமத்தி வைச்சது."

"கழட்டாமல் எரிய வைக்கேலாதம்மா."

"நீர் படிச்சனீர்தானே, ஏதும் செய்து பாரும். அவளின்ரை முப்பத்தோராம் நாள் நினைவுக்கு எரிஞ்சால் எனக்குக் காணும். எரிஞ்சு நான் ஒருக்காலும் பாக்கேல்லை."

ஆறு தடவை போய்விட்டேன். வயர் சோதிக்கும் மீற்றரோடு குந்தியிருந்துவிட்டு, "நாளைக்குப் பாப்பம்" என்று சொல்லி வருகிறேன். பொய். அந்த வயர் போகும் வழி தெரிந்தவள் ஒருத்திதான்.

மிஞ்சிய மூன்று விளக்குகளும், அவள் வயர் பிடிக்கும் சாமணமும் என் மேசையில் இருக்கின்றன. முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் ஐந்து நாள். இனிச் செய்யப்போவது:

1. பற்றரி கசிந்து வயரை அரிக்கும். அதை மட்டும் எடுத்துவிடுவேன்.
2. ஒரு கட்டையையும் கழற்றமாட்டேன்.
3. "என்னாலை ஏலாது" என்று அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.
4. அம்மா இன்னமும் டிலானியின் இலக்கத்திலிருந்துதான் அழைக்கிறார். எடுத்தால், நான் முதலில் வாய் திறக்கமாட்டேன்.