விழும்போது விட வேண்டியது

முதலில் சிறுத்தது என் கையெழுத்து.

ஓய்வூதியம் வாங்குகிறவன் ஆண்டுக்கொரு முறை தான் இன்னும் உயிரோடிருப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி நான் கொடுத்த தாளை எழுத்தர் திருப்பித் தந்தார். கோப்பிலுள்ள கையெழுத்தோடு இது ஒத்துப்போகவில்லை என்றார். முப்பது ஆண்டுகள் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஊரார் கையெழுத்தையெல்லாம் சந்தேகித்தவன் நான். அவர் செய்தது விதிப்படி சரி என்பதால் கோபப்படவும் வழியில்லை. மூன்று முறை போட்டுக் காட்டினேன். ஒன்றைவிட மற்றொன்று சிறியதாக வந்தது.

அடுத்த அறிகுறியைக் கண்டுபிடித்தது என் மனைவி சரோஜா. கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். என் இடது கை வீசாமல் தொங்குவதைப் பார்த்து, "ஒரு கைய வூட்டுலயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றாள்.

கதிர்காமம் அரசு மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் என்னைத் தாழ்வாரத்தில் நடக்கவிட்டுப் பார்த்தார். இளம்பெண். கையில் ஒரு தாள், முகத்தில் ஒன்றுமில்லை. ஓட்டுநர் தேர்வுக்கு வந்தவர்களை நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். பார்க்கின்சன் நோய் (அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மூளைச் செல்கள் மெல்ல அழிந்துவரும் நோய்) என்றார். குணமாகாது, சமாளிக்கலாம் என்றார். லெவோடோபா (மூளையில் குறைந்துபோன ஒரு வேதிப்பொருளை ஈடுகட்டும் மாத்திரை) நாளுக்கு நான்கு வேளை.

இந்த நோயோடு இருப்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று எழுதுகிறேன். மாத்திரை நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். எந்த நேரத்தில் கால் இழுக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். எந்தச் சான்றிதழுக்கு எந்தப் படிவம், எத்தனை நகல் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். ஒன்றைத் தவிர.

மூன்றாம் ஆண்டில் நடை உறைதல் (பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவது) தொடங்கியது. வாசற்படியைக் கண்டால் போதும், கால் நின்றுவிடும். உடம்பு மட்டும் முன்னால் போகும். மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "அம்மா, சாருக்குக் கால் நின்னுட்டா இழுக்காதீங்க. சார், நீங்க அவங்கள புடிக்காதீங்க. உங்க எடைய அவங்க தாங்க மாட்டாங்க. சுவத்துல கம்பி போட்டுடுங்க."

முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்ததும் வரைபடம் போட்டேன். ஆறு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் உயரம், கம்பியின் தடிமன், எல்லாம் அதில் உண்டு. அந்தத் தாள் கோப்பில் ஐந்து மாதம் இருந்தது. கொத்தனார் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. சரோஜாவின் தோள் எனக்குச் சரியான உயரத்தில் இருந்தது.

இங்கே என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெண்ணிலா கணினி வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டோகிராஸ் (மண்மேடும் பள்ளமுமான பாதையில் ஓட்டும் பைக் பந்தயம்) ஓட்டுவாள். நோய் வருவதற்கு முந்தைய ஆண்டு, ஊருக்கு வடக்கே செம்மண் மேட்டில் அவள் ஓட்டுவதைப் பார்க்க நானும் சரோஜாவும் ஒரு முறை போனோம். ஒரு மேட்டில் தாவி இறங்கும்போது வண்டி கோணிற்று. அவள் ஒரு காலை ஊன்றிப் பார்த்தாள், பிறகு கைப்பிடியை விட்டுவிட்டாள். வண்டி ஒரு பக்கம் உருண்டது, அவள் ஒரு பக்கம் உருண்டாள். உடம்பெல்லாம் சிவப்பாக எழுந்து வந்தாள்.

என் தேர்வில் எட்டு போடும்போது கால் ஊன்றினாலே தோல்விதான். "கால ஊனுன, கைப்பிடிய வேற வுட்டுட்ட. நானா இருந்தா லைசென்ஸே தரமாட்டேன்" என்றேன்.

"அது ரோடுப்பா, இது மண்ணு," என்றாள். "விழப்போறோம்னு தெரிஞ்சிட்டா வண்டிய வுட்டுடணும். புடிச்சிக்கினே விழுந்தா, ஒண்ணு அது நம்ம மேல விழும், இல்ல நாம அது மேல விழுவோம்."

சரோஜா சிரித்தாள். "யாருகிட்ட சொல்ற? உங்கப்பா எதையும் வுடவே மாட்டாரு."

எனக்குக் கிடைத்த அறிவுரைகளிலேயே சிறந்தது அது. அதற்கு நான் பூஜ்யம் மதிப்பெண் போட்டேன்.

வரைபடம் கோப்பில் கிடந்த நாட்களில் ஒரு நாள், காலை பதினொரு மணி. அடுத்த மாத்திரைக்கு இன்னும் அரை மணி இருந்தது. சமையலறை வாசலில் கால் நின்றது. சரோஜா எனக்கு முன்னால் நின்று, இடது கால் முதலில் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உடம்பு முன்னால் சாய்ந்தது. நான் அவள் முழங்கையைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே விழுந்தேன். அவள் கீழே, நான் மேலே. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவளுக்குத் தொடை எலும்பின் கழுத்து (இடுப்போடு பொருந்தும் மேல்பகுதி) முறிந்திருந்தது.

அவசரப் பிரிவில் பணி மருத்துவர் எப்படி விழுந்தீர்கள் என்று அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "தரையெல்லாம் ஈரம் டாக்டர். நான்தான் வழுக்கிட்டேன்."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். தரை உலர்ந்துதான் இருந்தது. விபத்து அறிக்கைகளில் ஒரு சொல் மாறியிருந்தாலும் வண்டிக்காரனை மூன்று முறை அலையவிட்டவன் நான். அன்று அந்தப் பொய்யைத் திருத்தவில்லை. சாட்சியாக அவள் பெயருக்குக் கீழே கையெழுத்தும் போட்டேன், யாரும் படிக்க முடியாத அளவுக்குச் சிறியதாக.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. நான்காம் நாள் உட்கார வைத்தார்கள். எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. நிமோனியா (நுரையீரலில் சளி கட்டும் தொற்று). படுத்தே இருக்கும் வயதானவர்களுக்கு வரக்கூடியதுதான் என்றார்கள். பத்தொன்பதாம் நாள் சரோஜா போய்விட்டாள். கடைசி நாட்களில் என் மாத்திரை நேரம் தவறினால் மட்டும் கண் திறந்து கடிகாரத்தைப் பார்ப்பாள்.

காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு வெண்ணிலா என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா கையில நாலு வெரல் தடம் இருந்துச்சிப்பா."

எனக்குப் பேச்சு வரச் சற்று நேரமாகும். அவள் காத்திருந்தாள்.

"ஆமா," என்றேன்.

"மொத நாளே பாத்துட்டேன். உங்ககிட்ட கேக்கக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. அவங்க இருக்கற வரைக்கும்தான அது."

எழுந்தாள். கருவடிக்குப்பத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று வாரம் வரவில்லை. அந்த மூன்று வாரத்தில் ஆறு இடங்களிலும் கம்பி பொருத்திவிட்டேன். கொத்தனார் ஒரே அழைப்பில் வந்தார்.

நான்காவது ஞாயிறு, பயிற்சித் திடலிலிருந்து இரண்டு தடித்த மெத்தைகளோடு வந்தாள். என் இயன்முறை மருத்துவரிடம் (உடற்பயிற்சியால் அசைவை மீட்பவர்) ஏற்கெனவே பேசி, அவரையும் கூட்டி வந்திருந்தாள். கூடத்தில் மெத்தையை விரித்துவிட்டு, "வாங்க, விழலாம்" என்றாள்.

இதைப் படித்துவிட்டு நீங்களாக வீட்டில் விழுந்து பார்க்காதீர்கள். இயன்முறை மருத்துவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். தாடையை நெஞ்சோடு சேர்க்க வேண்டும், கைகளை மடக்க வேண்டும், தோள்பக்கமாகத் திரும்ப வேண்டும். இவை எல்லாம் வந்தன. கடைசி நொடியில் அருகிலிருப்பவரைப் பிடிக்காமலிருப்பது மட்டும் வரவில்லை. அன்று பன்னிரண்டு முறை விழுந்தேன். பன்னிரண்டு முறையும் வெண்ணிலாவின் கை என் பிடியில் இருந்தது.

"ஃபெயில்," என்றாள் ஒவ்வொரு முறையும். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்கவில்லை. அதற்குப் படிவம் இல்லை. ஞாயிறுதோறும் வருகிறாள். மண்பாதைக்குப் போவதில்லை.

என் நாள் இப்போது மாத்திரைக்கும் மாத்திரைக்கும் இடையே நான்கு துண்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் எனக்கு ஓர் உடம்பு கிடைக்கிறது, முடிவில் அது திருப்பி வாங்கப்படுகிறது. வாசற்படியை நெருங்கும்போது சரோஜாவின் தோள் இருந்த உயரத்துக்கு என் கை இன்றும் தானாக எழுகிறது.

சென்ற மாதம் அதே சமையலறை வாசலில் கால் நின்றது. கம்பி கைக்கு எட்டவில்லை. உடம்பு சாயத் தொடங்கியது. உள்ளேயிருந்த வெண்ணிலா, அத்தனை பயிற்சியையும் மறந்து, "அப்பா" என்று கையை நீட்டினாள். அந்தக் கை மிக அருகில் இருந்தது. நான் என் இரண்டு கைகளையும் நெஞ்சோடு மடக்கிக்கொண்டேன்.

தோளில் நல்ல அடி. ஒரு வாரம் வலித்தது. அவள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், நீட்டிய கையோடு.

கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிட்டதாக எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். அது தவறு. விழுவதற்கு நெடுநேரம் ஆகிறது. ஒரு கையைப் பிடிக்கவும் அதில் நேரம் இருக்கிறது, விடவும் இருக்கிறது. சரோஜா விழுந்த அன்றும் இருந்தது.