தாரிங்காவின் ஒப்பந்தம்

தாரிங்காவை நல்லவள் என்று யாராவது சொன்னால் முதலில் மறுப்பவள் அவளாகத்தான் இருப்பாள். வெலிமிர் கிழவரை அவள் பார்த்துக்கொண்டது அவருடைய வீட்டுக்காக. அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. வேலை பார்த்த துணி ஆலை மூடி, கணவனும் இறந்தபின், வாடகை அறையைக் காலி செய்துவிட்டு அவர் வீட்டுப் பின்னறைக்கு வந்தாள். நான் அடுத்த வீடு.

எங்கள் திமோக் ஆற்றோரத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, பிள்ளைகள் பிழைப்புக்காக வியன்னாவில். மிஞ்சிய கிழவர்களுக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. சாகும்வரை என்னைப் பார்த்துக்கொள், பிறகு வீடு உனக்கு என்கிறார் ஒருவர். சரி என்கிறார் மற்றவர். முன்மொழிவும் ஏற்பும் அவ்வளவுதான். இருவருக்கும் கடமை உண்டு, பலனும் உண்டு. ஆனால் நோட்டரி முன்னால் எழுதிக் கையெழுத்திட்டால்தான் அது ஒப்பந்தம். அதுவரை வெறும் பேச்சு.

வெலிமிர் பேச்சோடு நிறுத்திக்கொண்டார். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர் நெடுநாள் இருப்பதில்லை என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு.

"என்னடி அவசரம்? என்னைப் புதைக்க நாள் பாத்துட்டியா?" என்பார், அவள் பேச்செடுத்தால்.

"இந்தக் குளிர்ல குழி தோண்ட ஆள் கிடைக்காது மாமா. வெயில் வரட்டும்."

அவர் சிரித்தபடி பிளம் சாராயம் ஊற்றித் தருவார். மறுபடி கேட்க அவளுக்குக் கூச்சம். கேட்டால் அவர் சாவைக் கேட்பது போலாகிவிடும். பத்து வருடங்களுக்கு மேல் இப்படியே போயிற்று.

பிறகு நுரையீரலில் நோய் வந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவமனை அவரை வீட்டுக்கு அனுப்பியபோது, நோட்டரியை அழைத்துவரச் சொன்னவர் அவரேதான். கையெழுத்திட்டார். அடுத்த மாதம் இறந்தார். வியன்னாவிலிருந்து அவருடைய அண்ணன் மகன் டாலிபோர் வந்தான்; பிள்ளையில்லாத அவருக்கு அவன்தான் வாரிசு. ஒப்பந்தம் செல்லாது என்று வழக்குப் போட்டான்.

வழக்கறிஞர் மிலுன்காவிடம் அவளை நான்தான் கூட்டிப்போனேன்.

"இது ஒரு பந்தயம் மாதிரி, அக்கா," என்றாள் மிலுன்கா. "அவர் இன்னும் இருபது வருஷம் இருந்தா உங்களுக்கு நஷ்டம். சீக்கிரம் போயிட்டா லாபம். எதுன்னு யாருக்கும் தெரியாம இருக்கணும். சாகப்போறார்னு தெரிஞ்சே போட்டா சட்டம் அதை ஒப்பந்தமா ஏத்துக்காது."

"அதுக்கு முன்னாடி செஞ்சதெல்லாம்?"

"கையெழுத்துக்கு முந்தினது சேராது. செலவுக்கு ரசீது இருந்தா அதையாவது கேக்கலாம்."

"சூப்புக்கு யாரும்மா ரசீது வைப்பா?"

"அப்ப ஒண்ணு செய்யுங்க. ஜட்ஜ் கேட்டா, பிழைச்சுக்குவார்னு நம்பினேன்னு சொல்லுங்க. போதும்."

நீதிமன்றத்தில் டாலிபோர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன்; சட்டம் தந்ததைக் கேட்டான்.

"கையெழுத்துப் போட்ட அன்னிக்கு, அவர் பிழைப்பார்னு நினைச்சீங்களாம்மா?" என்றார் நீதிபதி.

தாரிங்கா மிலுன்காவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மிலுன்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

"இல்லீங்க. டாக்டர் எங்கிட்டதான் சொன்னார். இலை உதிர்ற வரைக்கும்கூடத் தாங்க மாட்டார்னு."

நேர்மை என்று பிறகு ஊரில் சிலர் புகழ்ந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பொய்யைத் தூக்கி நிறுத்தும் தெம்புகூட அவளிடம் மிச்சமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நடைகூடத்தில் அவள் மிலுன்காவைக் கேட்டாள்.

"அப்ப அத்தனை வருஷம் பாத்துக்கிட்டதுக்குச் சட்டத்துல என்ன பேரு?"

"கடமை இல்லாம செஞ்சா அது அன்பளிப்பு."

"நான் அன்பளிப்பா ஒண்ணும் குடுக்கலையே. வீட்டுக்காகத்தானே செஞ்சேன்."

"எனக்குத் தெரியும் அக்கா. எழுதலையே."

"மேல் கோர்ட்டுக்குப் போனா?"

"அங்கயும் இதே கேள்விதான் கேப்பாங்க. நீங்களும் இதையேதான் சொல்லுவீங்க."

பனி உருகும்வரை இருக்கலாம் என்று டாலிபோர் சொல்லியனுப்பினான். அவள் இருக்கவில்லை. இப்போது ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீட்டில், படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். சாப்பாடும் கட்டிலும் உண்டு. போன வாரம் வாசலில் நின்று, இதையாவது எழுதி வாங்கினாயா என்று கேட்டேன்.

"எழுதித் தாங்கன்னா வேற ஆளைப் பாத்துக்குவாங்க," என்றாள். உள்ளேயிருந்து கிழவி கூப்பிட்டாள். தாரிங்கா உள்ளே போனாள்.