பசை காயும் வரை

ரெக்சின் ஒட்டுகிற பசைக்கு ஒரு வாசனை உண்டு. மூக்கில் ஏறி, கண்ணைக் கரித்து, தலையை லேசாகச் சுற்றவைத்து, கடைசியில் பிடித்தும் போய்விடும். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு முன் அறையில் கதிரைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, காரின் பின்கதவு இரண்டின் உட்பலகைகளையும் பாயில் கிடத்தியிருந்த அந்த நாட்களில் நான் படிப்பில் மந்தமானதற்கு அந்தப் பசைதான் காரணம் என்று இன்றும் சொல்லி வருகிறேன். அதற்கு முந்திய வருடங்களுக்கு என்ன காரணம் என்று நல்லவேளையாக யாரும் கேட்டதில்லை.

அப்பா "ஹயர்" ஓட்டினார், அதாவது வாடகைக் கார். இருந்தது ஒரேயொரு பழைய கார். கண்ணாடி இடுக்கால் இறங்கிய மழைத்தண்ணீர் பின்கதவுகளின் உட்பலகையை அப்பளம் மாதிரி ஊதவைத்து, மேலே இருந்த ரெக்சினையும் கிழித்திருந்தது. இறங்குகிறவர்களின் உடுப்பை அந்தக் கிழிசல் பிடித்து இழுக்கும்போதெல்லாம், "வண்டிக்கு ஒங்கள விட மனசில்ல" என்று சொல்லி அப்பா சமாளித்துவிடுவார்.

பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மாரிமுத்து என்பவர் மகளின் கல்யாணத்துக்கு வண்டி பேச வந்தபோது அந்தச் சமாளிப்பு எடுபடவில்லை. அவர் கதவைத் திறந்து கிழிசலை விரலால் தடவிப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. மாப்பிள்ள ஆளுங்க டவுன்ல கட வச்சிருக்கவங்க. எம் மக கோயில் வாசல்ல எறங்குறத அத்தன பேரும் பாத்துக்கிட்டு நிப்பாங்க. பட்டுச்சேல இதுல மாட்டுச்சுன்னா காலம் பூரா சொல்லிக் காட்டுவாங்க."

"நீங்க போங்க. புதுசாக்கிக் கொண்டாறேன்," என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். சீட் தைக்கிற கடையிலோ, வரிசையில் நிற்கும் பஸ் வேலை முடியட்டும் என்றார்கள். அப்பா பலகையையும் ரெக்சினையும் பசையையும் வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தார்.

பழைய பலகையை அளவாக வைத்து அவர் புதிய பலகையை வெட்ட, அம்மா சந்தன நிற ரெக்சினில் தையல் மெஷினால் கோடு ஓட்டினார். ஊசி ஒடியும்போதெல்லாம் காரை வாங்கிய நாளையே குறை சொன்னார். ஒட்டியது பிடிப்பதற்குப் பாரம் தேவைப்பட்டது. மேலே ஒரு பலகையைப் போட்டு என்னை உட்காரவைத்தார்கள். அந்த வேலைக்கு அந்த வயதிலேயே எனக்கு முழுத் தகுதி இருந்தது.

விடாத மழையில் பசை காய மறுத்தது. கல்யாணத்துக்கு முதல்நாள் பின்னேரம், இனிப் பொறுக்க முடியாது என்று அப்பா பலகைகளைக் கதவில் வைத்துக் கையால் தட்டித் தட்டிப் பொருத்தினார். எல்லாம் முடிந்த பிறகு, கழற்றியவற்றைப் போட்டு வைத்திருந்த பால்மா டின்னில் இரண்டு சின்னக் கிளிப்புகள் மிஞ்சிக் கிடந்தன.

"செஞ்சவன் எப்பவும் ஒண்ணு ரெண்டு கூடத்தான் போட்டிருப்பான்," என்றார் அப்பா.

நான் கல்யாணப் பெண் மாதிரிப் பின்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். இறங்கப் பார்த்தால், உள்பிடி பூட்டை இழுக்காமல் சும்மா ஆடியது, மறுபக்கமும் அப்படியே.

"போதும், எறங்கு பாப்பா," என்றார் அம்மா.

"எறங்க முடியலம்மா."

அப்பா வெளியிலிருந்து திறந்துவிட்டு, டின்னிலிருந்த கிளிப்புகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிடியைப் பூட்டோடு இணைப்பவை அந்தக் கிளிப்புகள்தாம். திரும்பக் கழற்றினால் பசை காயாத ரெக்சின் பலகையைவிட்டு உரிந்து வந்துவிடும். ஒட்டிக் காயவைக்க நேரமில்லை.

"அந்தப் புள்ள கண்ணாடிய எறக்கி, வளையல் கைய வெளிய விட்டுத்தான் கதவத் தொறக்கணுமா?" என்று அம்மா கேட்டார்.

"அவங்க பிடியில கை வைக்க முந்தி நான் போய்த் தொறந்துருவேன்."

"ரெண்டு பக்கமுமா?"

"ஓடுவேன்."

உடனே முற்றத்தில் ஒத்திகை நடந்தது. காரை நிறுத்தி, குதித்து, முன்பக்கமாகச் சுற்றி ஓடி இடது கதவு, திரும்ப ஓடி வலது கதவு. அம்மா படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மறுநாள் அப்பா என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். யாராவது பிடியைத் தேடினால் பேச்சுக் கொடுத்து மறக்கடிக்க வேண்டும். பன்விலவிலிருந்து அத்தனை வளைவுகளுக்கும் பேசினேன். அன்று தொடங்கிய பேச்சு இன்னும் நிற்கவில்லை.

கோயில் வாசலில் கார் நின்றதும் அப்பா பறந்தார். இடது கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு நிற்க, பட்டுச்சேலை எங்கேயும் மாட்டாமல் மணப்பெண் இறங்கினாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா மறுபக்கம் ஓடி, பெண்ணின் அம்மாவுக்குத் திறந்தார். காலமெல்லாம் கொழுந்து பறித்த அந்த அம்மா உடனே இறங்கவில்லை.

"எனக்கா தொறக்குறீங்க?"

"ஆமாக்கா. எறங்குங்க."

"தோட்டத்துத் தொரைக்குத்தான் இப்பிடித் தொறந்து பாத்திருக்கேன்," என்றவர், சேலையைச் சரிசெய்து, ஒவ்வொரு காலாக நிதானமாக ஊன்றி இறங்கினார். மூச்சிரைத்துக்கொண்டிருந்த அப்பா கதவைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.  

மழை விட்டு, பசை காய்ந்து, கிளிப்புகள் தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் அப்பாவின் ஓட்டம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கோ கோயிலுக்கோ யார் ஏறினாலும் இறங்கும்போது கதவண்டை நிற்பார். "அதான் பிடி சரியாயிருச்சே," என்று அம்மா கேலி செய்தால், "பசை இன்னும் காயல," என்பார்.

அந்தக் காரைத் தெல்தெனியவில் ஒருவருக்கு விற்றுவிட்டோம். அங்கே அது கோழிகளுக்கு வீடானதாகக் கேள்வி. என் காரின் உட்கதவு ஒரே பிளாஸ்டிக் வார்ப்பு. தைக்கவும் ஒட்டவும் ஒன்றுமில்லை, வாசனையும் இல்லை. போன கிழமை அப்பாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நிறுத்தியதும் இறங்கி, என் உடம்பு அனுமதித்த வேகத்தில் சுற்றி ஓடி, அவர் பக்கக் கதவைத் திறந்தேன். அவர் கை அப்போதுதான் பிடியைத் தேடிக்கொண்டிருந்தது.

"பிடி நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"பசை இன்னும் காயலப்பா."

 அவர் சட்டையைச் சரிசெய்து, ஒவ்வொரு காலாக நிதானமாக ஊன்றி இறங்கினார்.