நடுக்கடலில் இரண்டு கோடு சிக்னல்

போன ஜனவரியில் பொங்கல் விடுமுறையோடு மூன்று நாள் சேர்த்து எடுத்துக்கொண்டு அந்தமான் போனேன். கடல், பவளப்பாறை என்று எந்த ஆசையும் இல்லை. திருநெல்வேலியில் ஒரு வங்கிக் கிளையில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். "மேடம், ஓடிபி வரல" என்று ஒரு நாளைக்கு முப்பது பேராவது வந்து நிற்பார்கள். "வெளிய போய் நின்னு பாருங்க" என்று முப்பது தடவையும் சொல்வேன். வீட்டுக்கு வந்தால் ஐந்து வாட்ஸ்அப் குழுக்கள். நான்கு நாளாவது போன் செத்துக் கிடக்கிற ஓர் இடம் வேண்டும் என்று போர்ட் பிளேர் டாலிகஞ்சில் இருக்கும் என் கல்லூரித் தோழியிடம் கேட்டேன். "அப்படி இடம் இங்க எக்கச்சக்கமா இருக்கு, வா" என்றாள்.

சென்னையிலிருந்து விமானம், போக வர 11,400 ரூபாய். இரண்டே கால் மணி நேரம். அன்றிரவு தோழி வீட்டில் தங்கி, மறுநாள் விடியற்காலை நான்கு மணி பஸ்ஸில் ரங்கத் கிளம்பினேன். ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் ஆறு மணிக்குத்தான் கேட்டைத் திறக்கிறார்கள். அதற்கப்புறம் பழங்குடியினர் காப்புக்காட்டுக்குள் எல்லா வண்டிகளும் வரிசையாகத்தான் போக வேண்டும். படம் எடுக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது. மிடில் ஸ்ட்ரெய்ட் நீரிணையில் பஸ்ஸையே படகில் ஏற்றிக் கடத்துகிறார்கள். ரங்கத் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். என் தனியார் சிம் வழியிலேயே கண்ணை மூடிவிட்டிருந்தது. எனக்கோ பரம திருப்தி.

ரங்கத்திலிருந்து எர்ராட்டா படகுத்துறைக்கு எட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 200 ரூபாய். அங்கிருந்து இரண்டரை மணி ஃபெர்ரியில் ஒரு மணி பத்து நிமிடம், லாங் ஐலண்ட். துறையில் ராமையா நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவர் வீட்டில்தான் மூன்று இரவு தங்குவதாக ஏற்பாடு. எஞ்சின் பூட்டிய மரப்படகு வைத்திருக்கிறார். இங்கே டுங்கி என்கிறார்கள். அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இந்தத் தீவுகளில் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டவர்கள். இவருக்குக் கடல் பிடித்துப்போய், பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்களிடம் மீன்பிடிக்கக் கற்றுக்கொண்டாராம். அவர் ஊரில் பத்தே வீடு, ரோடு கிடையாது, படகில்தான் போக வேண்டும். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

டுங்கியில் முப்பத்தைந்து நிமிடப் பயணம். பாதி தாண்டியதும் ராமையா எஞ்சினை நிறுத்திவிட்டார். பழுதோ என்று கேட்டேன். அவர் பலகைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே ஏழு போன்கள், ஒவ்வொன்றும் தனித்தனி பாலித்தீன் பையில். கொஞ்ச நேரத்தில் டப்பா கிணுகிணுவென்று சத்தம் போட ஆரம்பித்தது.

"ஊர்ல டவரு இல்லதானே மேடம், மலை மறைக்குது. இந்த எடத்துல மட்டும் லாங் ஐலண்ட் டவரு ரெண்டு கோடு காட்டும். யாரு டுங்கி எடுத்தாலும் எல்லார் போனயும் கொண்டாருவோம். மெசேஜ் போவும், வரும். ஹலோ பாயின்ட்டுனு பேரு வச்சிருக்கோம்."

நடுக்கடலில் இந்த இடம்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். கரையில் ஒரு காய்ந்த படாக் மரத்தைக் காட்டினார். அது பின்னாலிருக்கும் வெள்ளைப் பாறைக்கு நேரே வர வேண்டும். வலது பக்கம் முனையில் ஒரு தென்னை, அதற்கப்பால் தெரியும் குட்டித்தீவின் ஓரத்தைத் தொட வேண்டும். மீன் கிடைக்கும் இடத்தை இப்படித்தான் அடையாளம் வைத்துக்கொள்வார்களாம். சிக்னலையும் அதே கணக்கில் பிடித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு வேண்டாத சிக்னல்தான் என்றாலும் அந்தச் சாமர்த்தியத்துக்கு மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டேன்.

வீட்டில் தேங்காய் ரொட்டியும் சம்பலும் பொரித்த மீனும் கொடுத்தார்கள். ராமையாவின் மகள் கோகிலாவுக்கு இருபது வயது. போர்ட் பிளேரில் ஹாஸ்டலில் இருந்து ஹோட்டல் நிர்வாகம் டிப்ளமோ முடித்துவிட்டு எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறாள். வந்ததும் என்னை "ஆன்ட்டி" என்றாள். எனக்கு நாற்பத்து நான்குதான். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாளைக்கு ஆளில்லாத ஒரு கடற்கரைக்குப் போக டுங்கியை முழுநாள் வாடகை பேசியிருந்தேன், 2,500 ரூபாய். காலை ஏழரைக்குத் தொப்பி, துண்டோடு தயாராக நின்றேன். ராமையா வந்து தலையைச் சொறிந்தார்.

"மேடம், ஒங்ககிட்ட கேக்கவே கூச்சமா இருக்கு. நேத்து டப்பாவுல வந்த மெசேஜ ராத்திரிதான் புள்ள படிச்சுச்சு. ஹேவ்லாக் தீவுல ஒரு ரிசார்ட்டு. இன்னிக்குப் பத்து மணிக்கு வீடியோவுல இன்டர்வியூவாம். மத்த ரெண்டு டுங்கியும் மீனுக்குப் போயிருச்சு…"

கோகிலா பின்னால் நின்று தரையைப் பார்த்தாள். இது அவளுக்கு மூன்றாவது அழைப்பு. முதல் தடவை மெசேஜையே இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தாள். இரண்டாவது தடவை, "எங்க ஊர்ல நெட்வொர்க் இல்ல சார்" என்று உண்மையைச் சொல்லப் போக, நெட்வொர்க் இருக்கும்போது கூப்பிடு என்று வைத்துவிட்டார்களாம். இந்த முறையும் விட்டால் சீசன் முடிந்துவிடும், ஆளெடுக்க மாட்டார்கள். கடற்கரை எங்கே ஓடிவிடப் போகிறது என்று நானும் படகில் ஏறினேன். மனசுக்குள் கொஞ்சம் முணுமுணுத்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

ஒன்பது நாற்பதுக்கு ஹலோ பாயின்ட். மரம், பாறை, தென்னை எல்லாம் நேர்க்கோட்டில். ராமையா நங்கூரத்தை இறக்கினார். கோகிலா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தாள், கீழே ரப்பர் செருப்பு. இரண்டு மூங்கில் கழிகளில் ஒரு நீலப் படுக்கை விரிப்பைக் கட்டி முதுகுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். சுவராம்! நெட்வொர்க் இல்லாத ஊர்க்காரி என்று மறுபடியும் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. போனைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு.

பத்து மணி நான்கு நிமிடத்துக்கு அழைப்பு வந்தது. திரையில் ஒரு பெண் மேலாளர். பேச்சு பாதி ஹிந்தி, பாதி ஆங்கிலம். படிப்பு, மதிப்பெண், வரவேற்பு மேசை அனுபவம் என்று கேட்டார். கோகிலா தடுமாறாமல் பதில் சொன்னாள். ஏழெட்டு நிமிடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் மேலாளரின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. இரண்டு கோடு ஒன்றானது.

ராமையாவுக்குத்தான் முதலில் விளங்கியது. நீரோட்டம் திரும்பிவிட்டது. நங்கூரக் கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் படகு சுற்றிக்கொண்டு போகிறது. "அடச்சே! மீனுக்குப் போடற மாதிரி கயிற நீளமா விட்டுட்டேன்" என்று வாய்க்குள்ளேயே தன்னைத் திட்டிக்கொண்டார். தூண்டில் போட அப்படி விலகினால் பரவாயில்லை, சிக்னலுக்கு ஆகாது. எஞ்சினைப் போட்டால் சத்தம். ஒரு துடுப்பை அவர் எடுத்தார், இன்னொன்றை என்னிடம் நீட்டினார். இடது கையில் போன், வலது கையில் துடுப்பு. கவுன்ட்டரில் ரூபாய் நோட்டு எண்ணத்தான் இந்தக் கைக்குத் தெரியும். தண்ணீரைக் குத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

படகு இம்மி இம்மியாகத் திரும்பியது. மரம் பாறைக்கு நேரே வந்தது, குரலும் வந்தது. கூடவே காற்றும் பின்பக்கத்திலிருந்து வந்தது. நீலச் சுவர் உப்பிப் பறந்து கோகிலாவின் தலையில் முக்காடாக விழுந்தது. அதை அவள் உருவி எறிந்தபோது திரை முழுக்கக் கடல்தான்.

"நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டார் மேலாளர்.

கோகிலா அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஹிந்தியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஊரில் டவர் இல்லை, இது கடல், அப்பா துடுப்புப் போடுகிறார், ஊருக்கு வந்த விருந்தாளி போனைப் பிடித்திருக்கிறார். போயிற்று, மூன்றாவதும் போயிற்று என்று நான் நினைத்தேன். மேலாளர் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். விருந்தினர் ஒருவர் வைஃபை வேலை செய்யவில்லை என்று மேசையைத் தட்டிக் கத்துகிறார், என்ன செய்வாய்?

"முதலில் அவர் யாரிடம் பேச வேண்டும் என்று கேட்பேன், மேம். கத்துகிறவர்களுக்கு அப்படி யாராவது இருப்பார்கள். எங்கே, எத்தனை மணிக்குச் சிக்னல் கிடைக்கும் என்று விசாரித்து நானே கூட்டிக்கொண்டு போவேன்."

சாயங்காலம் நான்கிலிருந்து ஐந்துக்குள் முடிவைச் சொல்வோம், எடுக்கவில்லை என்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று மேலாளர் வைத்துவிட்டார். அந்தப் பதிலைக் கேட்டதும் என் கவுன்ட்டர்தான் ஞாபகம் வந்தது. பத்தொன்பது வருடமாக நான் யாரையும் எழுந்து வெளியே கூட்டிக்கொண்டு போனதில்லை.

மத்தியானம் காற்று கூடியது. ராமையா கரையில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மௌசம் சரியில்ல தங்கச்சி, நீங்க வீட்லயே இருங்க" என்றார். காலையில் மேடம், இப்போது தங்கச்சி. துடுப்புக்கு ஆள் வேண்டாமா என்று கேட்டுவிட்டு ஏறினேன். இந்தத் தடவை நங்கூரமே போடவில்லை. மூன்றே முக்காலிலிருந்து இருவரும் மாற்றி மாற்றித் துடுப்புப் போட்டோம். அலை ஏறி ஏறி முழங்கால் வரை நனைந்தது. கோகிலா போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். நாலரைக்கு உள்ளங்கை கொப்புளித்தது. நாலே முக்காலுக்கு மரத்தின் மேல் வெயில் மங்கியது. அடையாளம் தெரியாமல் போனால் அப்புறம் சிக்னலும் இல்லை.

நான்கு ஐம்பத்திரண்டுக்குப் போன் அடித்தது.

"எஸ் மேம்… ஜி… ஜி மேம்… ஒண்ணாம் தேதி… தேங்க்யூ மேம்." அவ்வளவுதான் எங்களுக்குக் கேட்டது. வைத்துவிட்டு அவள் அழுதாள். நானும் அழுதேன், எதற்கென்று கேட்காதீர்கள். ராமையா மட்டும் மரத்தையும் பாறையையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. துடுப்பு போய்க்கொண்டே இருந்தது.

"சாப்பாடு அவங்களே போடுவாங்களாமா?" என்றார்.

"போடுவாங்கப்பா. ரூமும் உண்டு. ஒங்களுக்கு இனிமே துடுப்பு வேணாம்ப்பா, விடுங்க."

"அச்சா" என்றார். துடுப்பைப் படகுக்குள் வைத்தார். படகு தன்பாட்டுக்கு விலகிப் போனது, கோடுகள் இரண்டும் மறைந்தன. கொஞ்ச நேரம் யாரும் எஞ்சினைப் போடவில்லை.

நான் தேடிப் போன நிம்மதி அன்றிரவு நன்றாகவே கிடைத்தது. ஒன்பது மணிக்கெல்லாம் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினேன். கடற்கரைக்கு மறுநாள் போனோம், அதுவும் அழகுதான்.

நீங்களும் இந்தப் பக்கம் போவதாக இருந்தால் சில விஷயங்கள். அரசு நிறுவனத்தின் சிம் ஒன்றை ஊரிலேயே வாங்கிப் போங்கள். என் தனியார் சிம் ரங்கத் போய்ச் சேரும் முன்பே எடுக்காமல் போனது. பணம் ரொக்கமாக இருக்கட்டும், நெட் இல்லாத இடத்தில் ஸ்கேன் செய்து ஒன்றும் ஆகாது. டிக்கெட், அடையாள அட்டை எல்லாம் காகிதத்தில் வேண்டும். கடல் கொந்தளித்தால் ஃபெர்ரி ரத்தாகும், திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டாரிடம் "பேச மாட்டேன், பயப்படாதே" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தங்குவதற்குச் சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு 1,200 ரூபாய். லாங் ஐலண்ட் துறையில் ராமையாவின் டுங்கி என்று கேட்டால் காட்டுவார்கள்.

ஒன்று மட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்று வரை அந்த டுங்கி வாடகைக்கு வராது, எவ்வளவு கொடுத்தாலும். கோகிலாவுக்கு ஹேவ்லாக்கில் அந்த நேரம்தான் ஓய்வு.