மேனேஜரின் காது

மில் அத்தை பேசினால் தெருவுக்கே கேட்கும். தெரு பேசினால் அத்தைக்குக் கேட்காது. தறி ஓடும் கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்ததில் காது போய்விட்டது. எதிராளியின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அதற்காக மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ரகமில்லை. ஒரு சாம்பல் நிறப் பூனையை வளர்த்தாள். ஒரு வேலையும் செய்யாமல் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்ததால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

அத்தையின் தம்பி மகனும் அவன் மனைவியும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். மருமகளுக்குப் பிரசவ விடுப்பு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை போகாவிட்டால் வேலை கையை விட்டுப் போய்விடும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அத்தையை விட்டால் வேறு ஆளில்லை.

"குழந்தை அழுதா அத்தைக்கு எப்படித் தெரியும்?" என்று கணவனிடம் கேட்டாள்.

"அதெல்லாம் அத்தை சமாளிச்சுக்குவாங்க" என்றான். ஆண்பிள்ளைகளிடம் இந்தப் பதில் எப்போதும் கைவசம் இருக்கும்.

சனிக்கிழமை குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, கடைக்குப் போவதாக அத்தையிடம் சொன்னாள் மருமகள். வீட்டைச் சுற்றி வந்து கூடத்து ஜன்னலுக்கு வெளியே ஒளிந்து நின்றாள். சொந்த வீட்டில் திருடி மாதிரி நிற்க வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றாள்.

அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே மேசைமேல் மேனேஜர் கண்ணை மூடிக் கிடந்தது. கண் திறக்காமலே அதன் ஒரு காது மட்டும் சமையலறைப் பக்கம் திரும்பியது. அத்தை எழுந்து போனாள். "குழாய்தாண்டா" என்று ஊருக்கே அறிவித்தபடி திரும்பி வந்தாள். மறுபடி காது திரும்பியது; அத்தை போய்ப் பார்த்தாள், வாசலில் யாருமில்லை. மறுபடியும் திரும்பியது. பரணை எட்டிப் பார்த்துவிட்டு, "எலிக்கெல்லாம் நானா போகணும்? அது உன் வேலை" என்றாள். ஒவ்வொரு தடவையும் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். ஒரு தடவைகூட அலுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை.

பிறகு இரண்டு காதுகளும் உள்ளறைப் பக்கம் விறைத்து நின்றன. மருமகளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பெற்றவளுக்கே கேட்காத அந்தச் சிணுங்கலுக்கு, அத்தை மடித்த துணியைப் போட்டது போட்டபடி விட்டு ஓடினாள். குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தபடி வெளியே வந்தபோது, அது அப்போதுதான் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தது.

மருமகள் சத்தம் வராமல் மூக்கை உறிஞ்சினாள். மேனேஜரின் காது ஜன்னல் பக்கம் திரும்பியது. அப்புறம் சொல்லவேண்டுமா, அத்தை ஜன்னலுக்கு வந்துவிட்டாள்.

"உள்ள வா. எவ்வளவு நேரம் நிப்ப?"

மருமகள் உள்ளே வந்தாள். தலைகுனிந்தால் அத்தைக்கு உதடு தெரியாது என்பதால் முகத்தை நிமிர்த்தியே சொன்னாள்.

"தப்புதான் அத்தை. பயமா இருந்துச்சு. பூனை வெளிய போயிட்டா என்ன செய்வீங்க?"

"அது போயிட்டா நான் தொட்டில விட்டு நகரமாட்டேன்." அத்தை குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். "உனக்கு மட்டும்தான் பயம்னு நினைச்சியா? எனக்கும் பயம்தான். அதனாலதான் அது காது அசைஞ்சாலே எழுந்துடறேன்."

இதை மெல்லச் சொல்வதாகத்தான் அத்தை நினைத்தாள். தெருவுக்கே கேட்டது.

திங்கட்கிழமை மருமகள் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள்.