கார்குழலியின் மத்தியானத் தூக்கம்

பாண்டிக்கு வந்து இறங்கிய மூன்றாம் நாள் மத்தியானம், கார்குழலி தன் புருஷனுக்குப் போன் போட்டு, ஊரில் யாரோ பெரிய மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று துக்கச் செய்தி சொன்னாள்.

"யாருன்னு தெரியலீங்க. வார்னிஷ் வாங்கலாம்னு கடைவீதிக்கு வந்தேன். ஒரு கடை பாக்கியில்லாம சாத்தியிருக்குது. ரோட்டுல ஈ காக்கா இல்ல. பஸ் ஓடுதான்னு பாத்துட்டுப் பத்திரமா வாங்க."

ராஜவேல் தொழிற்சாலையில் பக்கத்து மிஷின்காரரிடம் விசாரித்தான். அவர் சிரித்த சிரிப்பு போனுக்குள் கேட்டது. யாரும் சாகவில்லை. மணி ஒன்றரை, அவ்வளவுதான். ஒன்றிலிருந்து நாலு வரைக்கும் பாண்டியில் பாதிக் கடைகள் சாத்தித்தான் இருக்கும், சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள், இதுகூடத் தெரியாமலா குடிவந்தீர்கள் என்று கேட்டாராம்.

"தூங்குவாங்களா?" என்றாள் கார்குழலி. நிஜமாகவே யாராவது செத்திருந்தால்கூட அவளுக்கு இத்தனை அதிர்ச்சி இருந்திருக்காது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கோயம்புத்தூர் கணபதியில் கலைவாணனின் பட்டறையில் பதினெட்டு வருஷம் காயில் சுற்றியவள். எரிந்துபோன மோட்டாரின் குடலை உருவி எறிந்துவிட்டு, புதுத் தாமிரக் கம்பியைச் சுற்றி உள்ளே வைத்து, வார்னிஷில் முக்கிக் காயவைக்கிற வேலை. சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம். அதிலும் ஐந்து நிமிஷத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு வந்து உட்காருகிறவளைத்தான் அங்கே கெட்டிக்காரி என்பார்கள். கார்குழலி கெட்டிக்காரி. அவள் கைபட்ட மோட்டார் எரிந்து திரும்பி வந்ததாக ஒரு கதை கிடையாது. ஆனால் ஒவ்வொரு மோட்டாரின் நெற்றியிலும் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் கலைவாணன் பெயர்தான் இருந்தது. நல்ல மனிதர், ஒரு நாள் அதட்டிப் பேசியதில்லை. இருந்தாலும் பெயர் அவருடையது.

அதனால்தான் ராஜவேலுக்குப் பாண்டியில் வேலை கிடைத்தபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "வரேனுங்க. ஆனா அங்க எம்பேர்ல ஒரு போர்டு மாட்டோணும்."

ராஜவேல் பெண்டாட்டி பேச்சைத் தட்டாத புண்ணியவான். குருசுக்குப்பத்துக்குப் போகிற வழியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் சுலோசனா என்கிற அம்மாவின் வீட்டை அலைந்து பிடித்தான். முன்னறை கடை, பக்கத்தில் இரண்டு அறை குடித்தனம். 'கார்குழலி மோட்டார் ரீவைண்டிங்' என்று சிவப்பு எழுத்தில் போர்டு ஏறியது. மாட்டிய அன்று அவள் எதிர்ச்சாரியில் போய் நின்றுகொண்டு அதையே பார்த்தாள். ராஜவேல் காப்பி ஆறுகிறது என்று மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்தாள்.

கலைவாணன் மட்டும் புறப்படும்போது சொல்லி அனுப்பியிருந்தார். "ஆடிக் கடைசி வரைக்கும் உன்ற எடத்துல யாரையும் உக்கார வைக்க மாட்டேன் கண்ணு. ஒத்து வரலேன்னா வந்துரு."

ஊர் அவளுக்குப் பிடித்துத்தான் போயிற்று. நூல் பிடித்தாற்போல் நேர் நேராக வீதிகள். எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் முதலில் வழி தப்பினாள். பிறகு ஒரு உபாயம் கண்டுபிடித்தாள்: மத்தியானத்துக்கு மேல் முகத்தில் காற்றடித்தால் கிழக்கு, முதுகில் அடித்தால் மேற்கு. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய ஸ்பேனரும் புது நைட்டியும் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து மாய்ந்துபோனாள். சாயங்காலம் வண்டி ஓட்டம் நிறுத்திய பீச் ரோட்டில் ஊரே கைவீசி நடக்கும். அவளும் ராஜவேலும் சுண்டல் பொட்டலத்தோடு கல்லின்மேல் உட்கார்ந்து அலையைப் பார்த்தார்கள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் இருவரும் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பிடிக்காதது இரண்டு. ஒன்று, பேச்சு. நாய்க்குட்டியைக்கூட 'அந்தப் பக்கம் போங்க' என்று விரட்டுகிற ஊரிலிருந்து வந்தவள் அவள். சுலோசனாவோ முதல் நாளே, "நீதான் கோயம்புத்தூரா? வா, குந்து" என்றாள். வீதி முழுக்க வா, போ, நீ தான். என்ன மரியாதையோ என்று கார்குழலி மனசுக்குள் முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

இன்னொன்று அந்தத் தூக்கம். ஒரு மணி அடித்ததும் பக்கத்துத் தையல் கடை ஹேமலதா ஷட்டரை இழுத்துவிட்டு, "ஏ கார்குழலி, யாருக்குத் தொறந்து வச்சிருக்க? இப்ப காத்து மட்டும்தான் வரும். போய்ப் படு" என்பாள்.

"நாம தூங்கினா தொழிலும் தூங்கிருமுங்க" என்பாள் கார்குழலி.

வந்த புதிசில் எல்லாருக்கும் கண்ணைவிட வாய் பெரிசு. அந்த வீதியில் பாதி வீடுகளில் விடியற்காலை மூன்று மணிக்கே விளக்கு எரியும். கடலுக்குப் போகிறவர்கள், மீன் எடுக்கப் போகிற பெண்கள். வேலை பார்த்த மில் மூடிய பிறகு இட்லி வியாபாரத்தில் இறங்கிய சுலோசனாவின் அடுப்பு நாலு மணிக்குப் பற்றும். அந்நேரம் கார்குழலி நன்றாகப் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டாள். இவர்களை அவள் சோம்பேறிகள் என்றாள்.

போட்டிக்கென்றே அவள் மத்தியானத்தில்தான் முக்கியமான வேலையை வைத்துக்கொண்டாள். வார்னிஷ் முக்குகிற வேலை. ஒன்றரை மணிக்குக் காற்று எழும். வேர்த்த கழுத்துக்கு அப்படி ஒரு சுகம். முக்கி எடுத்த மோட்டார்களை வாசற்படியில் வரிசையாக வைத்து அந்தக் காற்றில் உலர்த்துவாள். கோயம்புத்தூரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் உலர்த்திய பழக்கம். தெருக்கோடி மணலில் பெண்கள் மீனைக் காயப்போட்டிருப்பார்கள். இங்கே இவள் மோட்டாரைக் காயப்போட்டிருப்பாள்.

முதல் மோட்டார் சுலோசனாவுடையது, மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது. அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து வீதியே வந்தது. கிரைண்டர், மின்விசிறி, ஐஸ் கம்பெனிக்காரரின் பம்பு என்று ஆனி மாதத்துக்குள் பதினொன்று சுற்றிவிட்டாள். பதினொன்றிலும் அவள் பெயர் ஸ்டிக்கர்.

ஆனியில் சுலோசனா தன் மகள் அபிக்கு ஒன்பதாம் மாச வளைகாப்பு வைத்தாள். தொண்ணூறு பேருக்குச் சாப்பாடு. காலை எட்டு மணிக்கு அபியைக் குளிக்க வைக்கக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மோட்டார் ஒரு முனகு முனகி, புகைந்து, அடங்கிப்போயிருந்தது. பட்டுப் புடவை கட்டிய சம்பந்தி வீட்டுப் பெண்கள் பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடிபம்புக்கு நடந்தார்கள். கார்குழலியும் ஓடி ஓடிக் குடம் சுமந்தாள். சுலோசனா திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"பரவாயில்லீங்க. குடத்த வச்சிடுங்க. நீங்க போய் உங்க வேலையப் பாருங்க" என்றாள் சுலோசனா.

கேட்ட மரியாதை கிடைத்துவிட்டது.

அடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் நாலு மோட்டார்கள் திரும்பி வந்தன. பதினெட்டு வருஷத்தில் ஒன்றுகூடத் திரும்பாத கை. பிரித்துப் பார்த்தால் கம்பி பச்சை பூத்துக் கிடந்தது. சுற்றியது சரி, கம்பி சரி, வார்னிஷ் சரி. என்ன தப்பு என்று பிடிபடவில்லை. புது வேலை வருவது நின்றது. வீதியில் எல்லாரும் 'வாங்க, போங்க' என்றார்கள். ஹேமலதாகூட மத்தியானத்தில் போய்ப் படு என்று சொல்லுவதில்லை.

ஆடி பிறந்தது. ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கலைவாணன் அண்ணன் பட்டறைக்கே போயர்றேனுங்க. என்ற கைக்கு இந்த ஊர் ஆவாது. நீங்க லீவுக்கு வந்து போங்க."

ராஜவேல் பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்தான். "போறதுன்னா போ. உன்னைத் தடுக்க மாட்டேன். ஆனா அந்தப் போர்டை நான் கழட்ட மாட்டேன். என்ற கைய நீ வெட்டினாலும் சரி. நீயே கழட்டிக்க."

மறுநாள் அவள் ஒன்றரை மணிக்கு முக்காலி போட்டு ஏறினாள். அந்த நேரத்தில்தான் யார் கண்ணிலும் படாமல் கழற்றலாம். வாழ்க்கையில் முதல் தடவையாக, இந்த ஊர் தூங்குகிறதே என்று நன்றியோடு நினைத்துக்கொண்டாள்.

திருகாணி திரும்பவில்லை. அழுத்தித் திருகினாள். திருப்புளி வழுக்கியது. நாலு திருகாணியும் அப்படியே. சித்திரையில் தன் கையால் பொட்டலம் பிரித்துப் போட்ட புதுத் திருகாணிகள், பளபளவென்று இருந்தவை, மூன்று மாதத்தில் மரத்தோடு மரமாகத் துருப்பிடித்து இறுகியிருந்தன. பழுப்புத் தூள் கண்ணில் உதிர்ந்தது. அண்ணாந்த முகத்தில் காற்று விசிறி அடித்தது. அழுகை முட்ட உதட்டைக் கடித்தாள். உப்புக் கரித்தது. அழுதேவிட்டோமா என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கன்னம் காய்ந்து கிடந்தது.

இன்னொரு தடவை உதட்டை நக்கினாள். உப்பு.

திருகாணியைப் பார்த்தாள். கீழே வாசற்படியைப் பார்த்தாள், ஈர வார்னிஷோடு மோட்டார்களை மத்தியானம் தவறாமல் வரிசை வைத்த இடம். தெருக்கோடியில் மணலில் காய்கிற மீனைப் பார்த்தாள்.

"அடி சண்டாளி" என்று தன்னைத்தானே வைதுகொண்டாள். "மோட்டாரையெல்லாம் கருவாடு போட்டிருக்கியேடி."

முக்காலியின்மேல் நின்றபடியே அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது, அதுவும் உப்புத்தான். உப்புக் காற்று எழுகிற நேரம் பார்த்து ஊரே கதவைச் சாத்துகிறது. இவள் ஒருத்தி கடையை அகலத் திறந்து, ஈர மோட்டாரை அதற்குப் படையல் வைத்திருக்கிறாள். ஈர வார்னிஷில் ஒட்டிய உப்புத்தான் கம்பியைத் தின்றிருக்கிறது. இத்தனைக்கும் அந்தக் காற்றைப் பிடித்துத்தான் வழி கண்டுபிடித்தாள், அது எங்கிருந்து வருகிறதென்று யோசிக்காமல்.

அன்று நாலு மணிக்கு வீடு வீடாகப் புறப்பட்டாள். கெட்டுப்போன ஐந்து வீட்டுக்கு மட்டுமில்லை, இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஆறு வீட்டுக்கும். "தப்பு எம்மேலதானுங்க. உங்கூர்க் காத்து தெரியாம வேலை செஞ்சுட்டேன். கழட்டிக் குடுங்க, மறுபடி சுத்தித் தரேன்." ஒருத்தர் முறைத்தார். ஐஸ் கம்பெனிக்காரர் ஓடுகிற மோட்டாரை எதற்குக் கொடுக்கிறது என்று தகராறு செய்து, கடைசியில் கொடுத்தார். சுலோசனா மோட்டாரைத் தூக்கி வந்து அவள் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய இரும்புப் பீரோ பிடித்தாள். உள்ளே நாலு பெரிய குண்டு பல்பு மாட்டினாள். காலையில் வார்னிஷ் முக்கி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, பல்பைப் போட்டுவிட்டு, ஒரு மணி அடிப்பதற்குள் ஷட்டரை இறக்கி, கீழே இடுக்கில் ஈரமில்லாத சாக்கைத் திணித்தாள். காயவைத்ததை மறுபடி முக்கி மறுபடி காயவைத்தாள். கடைக்குள் அடுப்புக்குள் இருப்பது போலச் சூடு. மனுஷர் உட்கார முடியாது. பல்பை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுக்கவும் மனசு வரவில்லை. சந்தில் நிழல் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மத்தியானத்தில் சும்மா இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் சுலோசனா ஜன்னல் வழியே பார்த்தாள். அவளுடைய மோட்டார் அப்போது பீரோவுக்குள் இருந்தது.

"அங்க ஏன் திருடி மாதிரி குந்திக்கினு இருக்க?"

"காவலுக்குங்க. பல்பு எரியுது."

"பல்பு எரியறதுக்கு நீ ஏன் எரியற? வந்து படு. உன் கடை எங்கயும் ஓடிடாது."

'நீ' என்றாள். கார்குழலி எழுந்த வேகத்தில் முழங்கை சுவரில் இடித்துக்கொண்டது. சுலோசனா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தது. ரெண்டு நிமிஷம் கண்ணை மூடலாம் என்று படுத்தாள். எழுந்தபோது மணி நாலடிக்கப் பத்து நிமிஷம், கன்னத்தில் பாயின் கோடு. முப்பத்தெட்டு வயசில் அவள் தூங்கிய முதல் மத்தியானம் அது.

பிறகு அதுவே வழக்கமானது. பதினொரு மோட்டாரும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. போன தடவை சுலோசனாவின் மோட்டார் ஓடியதைப் பார்த்து வந்த வீதி இந்தத் தடவை வரவில்லை. கார்குழலி மட்டும் காலையில் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்தைப் படுக்கையிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து நாள் ஓடியது. பதினைந்து நாள். பிள்ளை பெற்ற அபி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். குழந்தைத் துணி துவைக்கத் தண்ணீர் குறைவில்லாமல் வந்தது.

ஆடிக் கடைசி நாள், மத்தியானம் இரண்டே முக்காலுக்குக் கார்குழலியின் போன் அடித்தது. அவள் பாயில் கிடந்தாள். குழந்தை எழுந்துவிடப் போகிறதே என்று சுலோசனா பாய்ந்து எடுத்தாள்.

"யாரு?"

"கோயம்புத்தூர்ல இருந்து கலைவாணனுங்க. கார்குழலி இருக்குதுங்களா?"

"இருக்குது. தூங்குது."

அந்தக் குரல் தணிந்து பதறியது. "தூங்குதுங்களா? என்னாச்சுங்க? ஒடம்புக்கு ஏதும் முடியலீங்களா? ஆஸ்பத்திரில இருக்குதுங்களா?"

"ஒடம்புக்கு என்னா, கல்லு மாதிரி இருக்குது. மத்தியானம்ல. அதான் தூங்குது."

"இல்லீங்க, இன்னிக்கு ஆடிக் கடைசி. அதோட எடத்தைக் காலியா வச்சிருக்கேன். வருதா இல்லியான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டேன்னா..."

சுலோசனா பாயைப் பார்த்தாள். கார்குழலி விழித்துத்தான் இருந்தாள். போன் அடித்த முதல் மணிக்கே விழித்துவிட்டாள். கலைவாணன் குரலை அவளுக்கு எந்தத் தூக்கத்திலும் தெரியும். பதினெட்டு வருஷம் சோறு போட்ட குரல். நல்ல மனிதர். எழுந்து, வாங்கிப் பேசலாம். அவள் கண்ணைத் திறக்காமல், முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அது வராது. அதுக்கு இங்க எடம் இருக்குது" என்றாள் சுலோசனா. "நீ வேற ஆளப் பாத்துக்க. இன்னும் பேசணும்னா நாலு மணிக்கு மேல பண்ணு. அப்பதான் கடை தொறக்கும்."

போனை வைத்துவிட்டு எழுந்து போய் மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டினாள். அது கார்குழலி சுற்றிய மின்விசிறி. நாலு மணியாக இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.