கணவாய் ஜாடியோடு எல்லை தாண்டிய வியாழக்கிழமை

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குப் போவது சுலபம். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வருவதுதான் கஷ்டம். தூரம் இரண்டுக்கும் ஒன்றே, ஏறக்குறைய ஐம்பத்தேழு மைல். கட்டணமும் ஒன்றே, ஆளுக்கு இரண்டு ரூபாய் ஆறணா. பிறகு என்ன கஷ்டம் என்று கேட்பவர்களுக்காகவும், அடுத்த வருஷம் நம் பள்ளிக் கண்காட்சிக்குப் பெங்களூரிலிருந்து பொருள் எடுத்து வரப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது, நம் சயன்ஸ் வாத்தியார் காதர் சாருக்குக் கடல் பிராணி ஒன்று வேண்டும் என்று தோன்றிவிட்டது. நம் ஊரில் கடலைக்காய் உண்டு, கடல் கிடையாது. சாரோடு படித்த நண்பர் ஒருவர் பெங்களூரில் ஒரு கல்லூரியில் பிராணி சாஸ்திரம் நடத்துகிறார். அவரிடம் இரவல் கேட்டுக் கடிதம் போட்டார், 'நீயே வந்து எடுத்துப் போ' என்று பதில் வந்தது. பெட்டி தூக்க ஒரு ஆள் வேண்டும். என்னைக் கூட்டிப் போனார். என் பெயர் திம்மராயன், வகுப்பில் திமிங்கிலம். பெயருக்கும் பொருந்தும், உடம்புக்கும் பொருந்தும். நான் ஊரில் இல்லாமல் இருப்பது கண்காட்சிக்கு நல்லது என்று ஹெட்மாஸ்டரும் சொன்னாராம்.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்குப் பஸ். சூளகிரி வரும்போது ஆறு இருபத்தைந்து. ஓசூரில் ஏழே காலுக்குப் பத்து நிமிஷம் நிறுத்தினார்கள். இரண்டு இட்லி ஓரணா, சட்னி கேட்கக் கேட்க ஊற்றினார்கள். அங்கிருந்து ஐந்தாறு மைலில் மதராஸ் ராஜ்யம் முடிந்து மைசூர் ராஜ்யம் ஆரம்பிக்கிறது. சாவடியில் ஒரு மூங்கில் கட்டை மேலே தூக்கியே இருந்தது. பஸ் நிற்கக்கூட இல்லை. எல்லை என்றால் இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இந்த ஏமாற்றத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் சாரின் நண்பர் எங்களை ஒரு நீள அறைக்குக் கூட்டிப் போனார். மேஜை மேல் ஒரு மண்டை ஓடு. மாட்டு மண்டைக்கு வாத்தின் அலகை ஒட்டவைத்த மாதிரி இருந்தது. மங்களூர்ப் பக்கம் கரை ஒதுங்கிய அலகுத் திமிங்கிலத்தினுடையதாம். கீழ்த்தாடை நுனியில் இரண்டே பல். வாய் முழுக்கத் தேடினேன், வேறு இல்லை. ஆணுக்குத்தான் இந்த இரண்டும் வெளியே தெரியும், பெண்ணுக்கு ஈறுக்குள்ளேயே கிடந்துவிடுமாம். ஆண்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டு, உடம்பெல்லாம் நீள நீளக் கீறல் போட்டுக்கொள்ளும். மற்றபடி உருண்டு நீண்ட பழுப்பு உடம்பு, வயதானால் வெளுத்துப்போகும் தலை, தொண்டையின் கீழ் இரண்டு மடிப்பு. நீளம் மூன்று ஆளைப் படுக்கவைத்த அளவு.

"இரண்டு பல்லை வச்சிக்கிட்டு என்ன சார் தின்னும்?" என்றேன்.

அவர் ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து வைத்தார். மஞ்சள் பாய்ந்த ஸ்பிரிட்டுக்குள் ஒரு கணவாய், கையளவு உடம்பு, கீழே கொத்தாகக் கைகள். "அதோட வயித்துல இருந்ததுப்பா இது. முழுசா முழுங்கியிருக்குது. செத்துப்போறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் தின்னிருக்கணும், அதனால கரையலே. இந்த ஜாதிக் கணவாய் கரையோரத்துல கிடைக்காது. வெளிச்சமே போகாத ஆழத்துல இருக்குறது. திமிங்கிலம் அங்கே போய்ப் பிடிச்சிருக்குது." எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். யாரும் கூடப் போய்ப் பார்க்கவில்லை என்றார். இதன் உறவுக்காரத் திமிங்கிலம் ஒன்று ஈட்டி பாய்ந்ததும் முங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் மூச்சே விடாமல் இருந்ததாக வடகடலில் வேட்டைக்குப் போனவர்கள் சொல்லியிருக்கிறார்களாம். மேலே வந்தாலும் சத்தம் போடாது, துள்ளாது, கப்பலைக் கண்டால் நழுவிவிடும். உயிரோடு பார்த்தவர்களே அபூர்வம். எங்களிடம் இருப்பதெல்லாம் இந்த மண்டையும் அது கடைசியாகத் தின்ற சாப்பாடும்தான் என்றார்.

மண்டை ஓட்டைத் தர அவருக்கு மனசு வரவில்லை. ஜாடியைத் தந்தார். "காதர், இதுக்கு இன்னொண்ணு கிடையாது. உன்னை நம்பித்தான்" என்றார். மதுவிலக்கு இருக்கிற நம் மதராஸ் ராஜ்யத்துக்குள் ஸ்பிரிட் போகிறது என்பதால், இங்கிலீஷில் ஒரு கடிதம் டைப் அடித்துக் கல்லூரி முத்திரை குத்திக் கொடுத்தார்.

இருவரும் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போனார்கள். மேஜை மேல் பசை தடவிய லேபிள் கட்டு, ஊதா மை, கட்டைப் பேனா. பள்ளியில் பெட்டியைத் திறக்கப்போவது என் வகுப்புத் தோழன் நாகராஜ். அவன் முகம் போகிற போக்கை நினைத்தேன். நினைத்ததும் கை போய்விட்டது. கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'அசல் பிராந்தி. தொட்டுக்கை உள்ளேயே.' ஜாடியில் ஒட்டி, வைக்கோல் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து மூடினேன். அரை நிமிஷ வேலை. அதைப் போல் அழகாக நான் எந்தப் பரீட்சையிலும் எழுதியதில்லை.

பன்னிரண்டரைக்குத் திரும்பும் பஸ். பெட்டி சார் மடியில். இரண்டு மணிக்கு அத்திப்பள்ளி தாண்டும்போது கண்டக்டர் எழுந்து, "சாவடி வருது, மூட்டை முடிச்செல்லாம் அவுத்து வையுங்க. நின்னா அரை மணி நேரம் நிப்பாட்டுவாங்க" என்றார்.

"காலையில நிறுத்தவே இல்லியே?" என்றேன்.

"காலையில நீ உள்ளேயிருந்து வெளியே போனே. நம்ம பக்கத்துலேயிருந்து பெங்களூருக்கு எவனாச்சும் சரக்கு கடத்துவானா? இப்போ வெளியேயிருந்து உள்ளே வர்றே."

எனக்கு லேபிள் ஞாபகம் வந்தது.

சாவடிக்கு ஒரு மைல்கூட இல்லை. "சார், நான் கொஞ்ச நேரம் வச்சிக்கிறேன்" என்று பெட்டியை வாங்கினேன். பலகை இடுக்கில் இரண்டு விரல் நுழைத்து வைக்கோலை விலக்கி, லேபிளின் ஓரத்தை நகத்தால் பிறாண்டினேன். கல்லூரிப் பசை நம் ஊர் மைதாப் பசை மாதிரி இல்லை. ஒரு மூலை கிழிந்தது, அவ்வளவுதான்.

"என்னடா தோண்டறே?"

"அரிக்குது சார்."

"பெட்டிக்கா?"

அதற்குள் பஸ் நின்றது.

மூங்கில் கட்டை கீழே இறங்கியிருந்தது. சாவடிப் போலீஸ்காரர் ஒல்லியான ஆள், மீசையில் நரை. நாலைந்து மூட்டைகளைக் குத்திப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார். "ஏமி சாரு, பெட்டியில?" சார் கம்பீரமாகக் கடிதத்தை நீட்டினார். அவர் முத்திரையைப் பார்த்தார், இங்கிலீஷைப் பார்த்தார், தலையாட்டினார். கொடுத்துவிடப் போனார். ஒரு நொடி நான் பிழைத்தேன். பிறகு, "எதுக்கும் ஒரு தடவை காட்டிடுங்க" என்றார்.

சாரே மூடியைத் திறந்து, வைக்கோலை விலக்கி, ஜாடியைத் தூக்கி வெயிலில் காட்டினார். லேபிள் போலீஸ்காரர் பக்கம் இருந்தது.

அவர் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். முன் சீட்டுக்காரர் எழுந்தே நின்று பார்த்தார். காதர் சார் சோடாக்கடையில் கலர்கூடக் குடிக்காதவர். ஜாடியைத் திருப்பி லேபிளைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எழுத மாட்டேன்.

"தொட்டுக்கை உள்ளேயே இருக்குதாமே சார்" என்றார் போலீஸ்காரர். கார்க்கை எடுத்து மோந்தார். "வாசனையும் அதேதான். வாத்தியாரா நீங்க? பாருங்க, நானும் பிள்ளைங்களைப் படிக்க வைக்கிறவன். கேஸ் எழுதினா உங்க வேலை போயிடும். இதைத் தரையில ஊத்திட்டு, வெறும் சீசாவை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. நான் ஒண்ணும் பாக்கலே."

"ஊத்தினா கிருஷ்ணகிரி போய்ச் சேர்றதுக்குள்ள இது அழுகிடும்" என்றார் சார். "இது என்னோடது இல்லே. ஊத்த மாட்டேன்."

"அப்போ கேஸ்தான். இன்ஸ்பெக்டர் ஓசூரிலேருந்து வர்ற வரைக்கும் இறங்கி உக்காருங்க."

கண்டக்டர் மணிக்கட்டைப் பார்த்தார். சார் ஜாடியோடு இறங்க ஆரம்பித்தார்.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

போலீஸ்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாத்தியாரைக் காப்பாத்துறியா தம்பி? நல்ல பிள்ளைதான்." என்னை நல்ல பிள்ளை என்று ஒருவர் முதல் தடவையாகச் சொன்னார், அதுவும் தப்பான நேரத்தில். நான் பொய் சொன்னபோதெல்லாம் நம்பியவர்கள் எத்தனையோ பேர். இதை நம்பவைக்க முடியவில்லை.

"காகிதம் குடுங்க, எழுதிக் காட்டறேன்."

சாவடி மேஜையில் அவருடைய நோட்டைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தார். அதே ஐந்து வார்த்தை... இல்லை, நான்கு. எண்ணக்கூட வரவில்லை. ஆனால் எழுத்து அதேதான், வால் நீட்டிய 'தி', குண்டு 'ள்'. அவர் நோட்டை ஜாடிக்குப் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். என் விரலைத் திருப்பி ஊதாக் கறையையும் பார்த்தார்.

"எதுக்குடா?"

"விளையாட்டுக்கு."

"உள்ளே என்ன அது?"

சொன்னேன். மங்களூர்க் கரை, அலகு, இரண்டு பல், வெளிச்சம் போகாத ஆழம், மணிக்கணக்காக அடக்கிய மூச்சு. அவசரத்தில் முன்னும் பின்னுமாகச் சொன்னேன். போலீஸ்காரர் குனிந்து ஜாடிக்குள் பார்த்தார். கணவாயின் ஒரு கண் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதைத் தொட்டுக்கிட்டு எவனும் குடிக்க மாட்டான்" என்றார் கடைசியில். "ஆனா பத்துப் பேர் முன்னாடி படிச்சுட்டேன். வெறுமனே விட முடியாது. சாம்பிள் எடுத்தே ஆகணும். அந்தச் சீட்டு இல்லேன்னா லெட்டரோட விட்டிருப்பேன் சார்." ஒரு பாட்டிலில் ஸ்பிரிட்டைச் சாய்த்தார். நிறுத்துவார் நிறுத்துவார் என்று பார்த்தேன். ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்த பிறகு நிறுத்தினார். கணவாயின் முதுகும் இரண்டு கைகளும் வெளியே நின்றன.

மணி இரண்டே முக்கால். சாவடியிலிருந்து கிருஷ்ணகிரி முப்பத்தேழு மைல். ஜாடியை ஒரு பக்கமாகச் சாய்த்தால் ஸ்பிரிட் கணவாயை மூடுகிறது, நிமிர்த்தினால் விட்டுவிடுகிறது. ரொம்பச் சாய்த்தால் கார்க்கில் கசிகிறது. சார் ஒருமுறை சாய்த்துக் காட்டி, என் கையில் கொடுத்தார்.

ஓசூர் வரை கை வலிக்கவில்லை. அதன் பிறகு ரோடு மோசம். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த இரண்டு கைகளும் வெளியே வந்தன. சூளகிரியில் பஸ் பத்து நிமிஷம் நின்றது, எல்லோரும் டீ குடித்தார்கள், நான் இறங்கவில்லை. முழங்கைக்குக் கீழே என் கை இருக்கிறதா என்றே தெரியவில்லை. சார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். திட்டியிருந்தால் முப்பத்தேழு மைலும் கொஞ்சம் கிட்டத்தில் வந்திருக்கும்.

ஐந்து மணிக்குக் கிருஷ்ணகிரி. நேரே ஆஸ்பத்திரி. கம்பவுண்டர் சாருக்குத் தெரிந்தவர், ஃபார்மலின் கலந்து ஜாடியை நிரப்பினார். கணவாய் பிழைத்தது என்று செத்த பிராணியைப் பற்றிச் சொல்லலாம் என்றால், பிழைத்தது. ஒரு கையின் நுனி மட்டும் காய்ந்து சுருண்டு கறுத்துவிட்டது. அது திரும்பவில்லை.

சார் புது லேபிள் ஒன்றை நீட்டி, "அதே எழுத்துல எழுதுடா" என்றார். எழுதினேன்: 'அலகுத் திமிங்கிலத்தின் வயிற்றில் இருந்த கணவாய்.' சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஜாடிப் பக்கத்தில் நான்தான் நின்றேன். "அந்த நுனி ஏன் தம்பி கறுப்பா இருக்குது?" என்று யார் கேட்டாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும். சார் போட்ட தண்டனை அது ஒன்றுதான். முதல் நாள் காலையில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன், கூட்டம் கூடியது. சார் அடுத்த மேஜையில் காந்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் மாலையில் யாரும் சிரிக்காத மாதிரி எனக்குச் சொல்ல வந்துவிட்டது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடியுங்கள், அடுத்தது எட்டு மணிக்குத்தான். ஓசூர் இட்லியை விடாதீர்கள். திரவம் எது கொண்டுவந்தாலும் கடிதத்தை இங்கிலீஷில் மட்டும் வாங்காமல் தமிழிலும் ஒன்று வாங்குங்கள். போகும்போது சாவடி சும்மா விட்டதை வைத்து வரும்போதும் விடும் என்று கணக்குப் போடாதீர்கள். லேபிள் கட்டு பக்கத்தில் இருந்தால் கையைப் பாக்கெட்டில் வையுங்கள்.

நாளைக் காலை ஜாடியைத் திருப்பிக் கொடுக்க சாரும் நானும் போகிறோம். போகிற வழியில் பெட்டியைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். பெங்களூரில் அந்த நீள அறையில், சாரின் நண்பர் முன்னால் நானே திறக்க வேண்டும்.